கூரைத்தாள் வெயிலை எவ்வளவு சிதறடிக்கிறது? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பசுமைக்குடில், நிழல்வலைக்குடில் சாகுபடிக்குத் திட்டம் வகுத்து மானியம் பரிந்துரைக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும், கிள்ளிகுளம் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி ஆய்வாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆலங்குளத்துக்கும் கடையத்துக்கும் நடுவே, கிணற்றுத் தண்ணீரை நம்பி, குடிலுக்குள் வெள்ளரியும் குடைமிளகாயும் வளர்த்து, அக்கம்பக்கத்துச் சம்சாரிகளுக்குக் குழித்தட்டு நாற்றும் போட்டுக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் விளைச்சலில் பெரும்பகுதி பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய், அங்கிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. குடில் அமைக்கும் செலவில் பாதியை மானியமாகத் தரும் திட்டம் இல்லாதிருந்தால் எங்களில் பலர் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கவே மாட்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானியத்துக்காக வரும் ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் ஓர் எண் கூடுதலாக எழுதப்பட வேண்டும். அந்த எண் எங்கள் வெயிலுக்கும் எங்கள் காற்றுக்கும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இங்கேயே சோதித்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

அந்த எண், குடிலை மூடும் பாலித்தீன் கூரைத்தாளின் சிதறல் விழுக்காடு; அதாவது உள்ளே விடும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் தாள் திசை கலைத்துப் பரப்புகிறது என்பது. வணிகர்கள் அதை 'ஹேஸ்' என்பார்கள். தாளின் தடிமன் 200 மைக்ரான் என்பதை எல்லோரும் கேட்டு வாங்குகிறோம். புற ஊதாக் கதிரைத் தாங்குமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் கேட்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் மொத்த ஒளியில் எத்தனை விழுக்காட்டை அது உள்ளே விடும் என்றும் கேட்கிறார்கள். உள்ளே விடும் அந்த ஒளியைக் கோடாக விடுகிறதா, பரப்பி விடுகிறதா என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குடிலுக்கு வந்த விலைப்புள்ளியில் 'டிஃப்யூஸ்டு' (ஒளியைச் சிதறடிப்பது) என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். எவ்வளவு என்று கேட்டபோது அமைத்துக் கொடுக்க வந்தவரிடம் பதில் இல்லை, சுருளோடு வந்திருக்க வேண்டிய சோதனை அறிக்கையும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்காத எண்ணை யாரும் எழுதித் தரப்போவதில்லை.

இந்த எண்ணை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் திறந்த மடலாதலால் குடில் போட நினைத்திருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதை எண்ணியே எழுதுகிறேன்.

வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும் நாளில் தரைக்கு வரும் ஒளியில் பெரும்பங்கு சூரியனிடமிருந்து நேர்கோட்டில் இறங்குகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நீலவானத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பரவி வருகிறது. முன்னதை நேரொளி என்றும் பின்னதைச் சிதறொளி என்றும் கொள்வோம். நன்றாக மூடிய மேகத்தின் கீழ் நிழல் விழாமல் இருப்பதற்குக் காரணம், அன்று வரும் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் சிதறொளியாக இருப்பதுதான். தெளிந்த பாலித்தீன் தாள் நேரொளியை நேரொளியாகவே உள்ளே விடுகிறது. நுண்ணிய துகள்களைக் கலந்து வார்த்த தாள், ஏறத்தாழ அதே அளவு ஒளியை உள்ளே விட்டபடியே, அதன் திசையைக் கலைத்து எல்லாப் பக்கமும் பரப்புகிறது. இதை அறிய கருவி எதுவும் வேண்டியதில்லை. உச்சிவெயிலில் குடிலுக்குள் நின்று கையை நீட்டினால், தெளிந்த தாளின் கீழ் கையின் நிழல் விரல் விரலாக, கத்தரித்து ஒட்டியதுபோல் தரையில் விழும். நல்ல சிதறல் தாளின் கீழ் நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும்.

செடிக்கு இதனால் என்ன? ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகிறது என்று அளக்கிறார்கள். சித்திரை மாதத்து உச்சிவெயில் இந்தக் கணக்கில் 2000-ஐ ஒட்டி நிற்கும். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் போன்ற பயிர்களில் வெயிலைப் பார்த்து நிற்கும் ஓர் இலை, 1000-ஐ நெருங்கும்போதே தன்னால் இயன்றதில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் விழும் ஒளி சர்க்கரையாக மாறுவது மிகக் குறைவு, மிச்சம் வெப்பமாகத்தான் போகிறது. அதே கொடியின் நடு இலையும் கீழ் இலையும் அந்த நேரத்தில் பட்டினி கிடக்கின்றன. இலை அடுக்குக்குள் இறங்க இறங்க ஒளி மடங்கு மடங்காகத் தேய்வதை 1953இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மோன்சியும் சயேகியும் ஒரு சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் மூன்று சதுர மீட்டர் இலை நிற்கும் கொடிவரிசையில், உச்சிக்கு வந்த ஒளியில் எட்டில் ஒரு பங்கை ஒட்டியே அடிவரை வந்து சேரும். மேலே மிச்சம், கீழே பஞ்சம் என்ற இந்த நிலையைச் சிதறொளி ஓரளவு சரிசெய்கிறது. பல கோணங்களில் வரும் ஒளி பக்கவாட்டாகவும் நுழைந்து, இடைவெளிகளைக் கண்டு, நேர்க்கதிர் எட்டாத இலைகளைத் தொடுகிறது.

இதைவிடப் பெரிய ஆதாயம் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் டாவோ லி, லியோ மார்செலிஸ் ஆகியோர் அடங்கிய குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 71 விழுக்காடு சிதறடிக்கும் கண்ணாடியின் கீழ் வளர்ந்த தக்காளியின் மொத்த ஒளிச்சேர்க்கை 7.2 விழுக்காடு கூடியது என்று கணக்கிட்ட அவர்கள், அந்தக் கூடுதலுக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒளி ஆழமாக இறங்குவதே முதற்காரணமாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் முதலிடம் பெற்றது, ஒரே உயரத்தில் உள்ள இலைகளுக்கிடையே ஒளி சமமாகப் பரவியதுதான். குழாய்ச் சட்டம், நீர்வடி தகடு, கொடி கட்டும் கயிறு, மேலே நிற்கும் பக்கத்துச் செடி என்று தெளிந்த கூரையின் கீழ் ஆயிரம் நிழல்கள் விழுகின்றன. ஓர் இலைக்கு 1600 கிடைக்கிறது, அதன் அருகே நிழலில் இருக்கும் இலைக்கு 200 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இலை நிறைந்து வழிந்ததை வீணாக்குகிறது, இரண்டாவது அரைவயிற்றோடு நிற்கிறது. அதே மொத்தத்தை இரண்டுக்கும் 900 வீதம் பகிர்ந்தால் இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை கூடும்; கூடுதலாக ஒரு துளி ஒளி தேவைப்படவில்லை. குழித்தட்டு நாற்று போடுகிறவனுக்கு இந்தச் செய்தி மிக நெருக்கமானது. சட்டத்தின் நிழல் விழும் வரிசை நெடுநெடுவென்று ஒரு பக்கம், வெயில் விழும் வரிசை கட்டையாக ஒரு பக்கம் என்று ஒரே விதைப்பில் இரு வேறு வயது நாற்றுகள்போல எழும்பினால், அதை வாங்கிப் போகிறவர் அடுத்த முறை வேறு நாற்றங்காலுக்குப் போய்விடுவார்.

குடிலுக்கு வெளியேயும் இதற்குச் சான்று உண்டு. 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது வானின் மேலடுக்குக்குப் போன கந்தகத் துகள்கள், உலகம் முழுவதும் நேரொளியைக் குறைத்துச் சிதறொளியைக் கூட்டின. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் எடுத்திருந்த அளவீடுகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டபோது, மேகமற்ற நண்பகல்களில் அந்தக் காட்டின் ஒளிச்சேர்க்கை 1992இல் 23 விழுக்காடும் 1993இல் 8 விழுக்காடும் கூடியிருந்தது தெரிய வந்தது. மொத்த வெயில் சற்றுக் குறைந்தும் மரங்கள் கூடுதலாக உழைத்தன. எரிமலை செய்ததை ஒரு பாலித்தீன் தாள் நம் குடிலுக்குள் சிறிய அளவில் செய்கிறது.

நெதர்லாந்தில் நடத்திய சோதனைகளில் வெள்ளரியும் தக்காளியும் சிதறல் கூரையின் கீழ் ஏறத்தாழ ஐந்திலிருந்து பத்து விழுக்காடு வரை கூடுதலாக விளைந்திருக்கின்றன. அந்துரியம் போன்ற நிழல்விரும்பிப் பூச்செடிகளில் அதைவிடச் சுவையான முடிவு கிடைத்தது: இலை கருகுமே என்று போட்டு வந்த நிழலைக் குறைத்து, அதிக வெயிலைச் சிதறலாக உள்ளே விட்டபோது செடி கருகாமலேயே வேகமாக வளர்ந்தது. ஆனால் இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் பக்கத்து விலைப்புள்ளியில் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நெதர்லாந்து இருப்பது 52 பாகை வட அட்சத்தில்; நாம் இருப்பது ஏறத்தாழ 8.7 பாகையில். டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைகூட ஏறுவதில்லை, இங்கே அதே நாளில் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அங்கே ஒளியில் ஒரு விழுக்காடு போனால் விளைச்சலில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு போயிற்று என்று கணக்குப் பார்ப்பவர்கள். நமக்கோ ஆண்டில் பல மாதங்கள் ஒளி மிஞ்சிக் கிடக்கிறது. கோடை வெயிலைப் பொறுத்தவரை சிதறலின் பயன் இங்கே கூடுதலாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மேகம் சூழ்ந்த மாதங்களில் அது ஒன்றுமில்லாமலும் போகலாம். இதை அளந்து பார்த்தாலொழிய உறுதியாகச் சொல்ல முடியாது.

நடைமுறையில் இப்போது நாங்கள் செய்வது என்ன? பங்குனி பிறந்ததும் குடிலுக்குள் 50 விழுக்காட்டு நிழல்வலையை இழுத்து விடுகிறோம். சில இடங்களில் அது புரட்டாசி வரை இழுத்தபடியே கிடக்கிறது. காலையும் மாலையும் சுருட்டி விரிக்க ஆள் கிடைப்பதில்லை. வெளியே 2000 இருந்தால், தாளும் சட்டமும் கழித்தது போக 1400; வலை கழித்தது போக 700. உச்சி இலைக்கு இது போதுமானதுதான். ஆனால் ஏற்கெனவே பஞ்சத்தில் இருந்த கீழ் இலையின் பங்கையும் வலை பாதியாக வெட்டிவிடுகிறது; காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எந்த இலைக்கும் வெயில் மிஞ்சாத வேளையிலும் அதே பாதியை வெட்டுகிறது. மிஞ்சியதை எடுத்து இல்லாத இடத்துக்குக் கொடுப்பது சிதறல். இருவரிடமும் பாதியைப் பிடுங்குவது வலை. வெயிலின் உறைப்பைத் தணிக்க நமக்குத் தெரிந்த ஒரே வழியாக வலையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால், வெயில் மிகுந்த ஒரு நாட்டில் நிழலில் வாடும் பயிரை வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

வெப்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிதறல் தாள் போட்டால் குடில் குளிர்ந்துவிடும் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. சாதாரணச் சிதறல் தாள் அதைத் தடுப்பதில்லை. உள்ளே வரும் மொத்த வெப்பம் பெரிதாகக் குறையாது. குறைவது, உச்சி இலையிலும் காயின் தோளிலும் ஒரே இடத்தில் குவியும் சூடு. நேர்வெயில் படும் காயின் தோல், சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை கூடுதலாகக் கொதிப்பதால்தான் குடைமிளகாயில் வெள்ளைத் தழும்பு விழுகிறது. தக்காளியில் 30 பாகையைத் தாண்டி வெப்பம் நீடிக்கும்போது சிவப்பு நிறமி உருவாவது தடைபட்டுத் தோள்பட்டை மஞ்சளாகவே நின்றுவிடுகிறது. இந்த இரண்டையும் சிதறொளி மட்டுப்படுத்தும். மற்றபடி குடிலின் உயரம், கூரைத் திறப்பின் அகலம், பக்கவாட்டுப் பூச்சிவலையின் கண் அளவு ஆகியவை சரியாக இல்லாத குடிலை எந்தத் தாளாலும் காப்பாற்ற முடியாது.

இனி, எங்கள் சீமையின் குணத்துக்கு வருகிறேன். மாநிலம் முழுமைக்கும் ஒரே விவரக்குறிப்பு வைப்பது கணக்கு எழுத வசதியானது. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே மூன்று வானங்கள் இருக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் நுழையும்போது செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் பல நாட்கள் வெயில் முகமே தெரிவதில்லை. அங்கே இயற்கையே ஒளியைச் சிதறடித்துவிட்டது; அன்று சிதறல் தாள் புதிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை, மாறாக அது விழுங்கும் ஒன்றிரண்டு விழுக்காடு ஒளி நட்டமாகவே முடியும். அந்தப் பக்கத்துக்கு ஒளியை அதிகம் கடத்தும், நடுத்தரமாகச் சிதறடிக்கும் தாள் பொருந்தும். ஆலங்குளம் தாண்டி மானூர், பாளையங்கோட்டை, நாங்குநேரி என்று கிழக்கே வந்தால் அதே ஆடி மாதத்தில் மேகம் கலைந்து, காற்று மட்டும் வறண்டு வீசி, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வர வேண்டும். அதிகச் சிதறல் தாளுக்கு ஏற்ற இடம் இதுதான். தெற்கே வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதே அங்குள்ள காற்றுக்குச் சாட்சி. தாள் கூரை அங்கே கிழியாமல் நிற்பது பெரும்பாடு என்பதால் பலர் நிழல்வலைக்குடிலோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தாளைப் பற்றிப் பேசிப் பயனில்லை, வலையைப் பற்றிப் பேச வேண்டும். கறுப்பு வலை ஒளியை மறைக்குமே தவிரச் சிதறடிக்காது. பச்சை வலையோ இலைக்கு மிகவும் வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாகத் தடுக்கிறது. இஸ்ரேலின் வோல்கனி ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகள் நடந்த வண்ணவலை ஆய்வுகளில், முத்துநிற வலையும் சிவப்பு வலையும் ஒரே நிழல் அளவுள்ள கறுப்பு வலையைவிடக் குடைமிளகாயில் கூடுதல் விளைச்சல் தந்திருக்கின்றன. முத்துநிற வலையின் சிறப்பே அது ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதுதான். நம் பக்கத்தில் கடைக்குப் போனால் கிடைப்பது பச்சையும் கறுப்பும்.

பருவத்துக்கு ஏற்ப வெயிலைத் திருத்திக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தாமிரபரணிக் கடைமடையில், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளையும் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அகத்தியை வரிசையாக நட்டு, அதன் சிற்றிலைகளின் ஊடே சலித்து இறங்கும் வெயிலில் கொடியை ஏற்றி, வெயில் கூடினால் அகத்தியைத் தழைக்க விட்டும் மூட்டம் கூடினால் கிளை கழித்தும் வளர்க்கிறார்கள். வெற்றிலைக்காரர் கையில் இருக்கும் அந்தத் திருத்தும் வசதி, மூன்றாண்டு நான்காண்டுக்கு ஒரே தாளை மாட்டிவிடும் எங்களுக்கு இல்லை. ஏற்கெனவே தெளிந்த தாள் போட்டு, அதன் ஆயுள் இன்னும் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு மலிவான வழி உண்டு. ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில், கடலோரம் முழுவதையும் வெள்ளைப் போர்வையாக மூடியிருக்கும் குடில்களின் மேல் கோடைக்கு முன் சுண்ணக்கல் மாவைக் கரைத்துத் தெளித்து, பிறகு கழுவி விடுகிறார்கள். அது ஒளியைக் குறைக்கவும் செய்கிறது, சிதறடிக்கவும் செய்கிறது. பங்குனியில் தெளித்தால் ஐப்பசி மழை தானே கழுவிவிடும் என்பதால் எங்கள் பருவத்துக்கு அது பொருந்தி வரும். எவ்வளவு கரைசல், எத்தனை பூச்சு, தாளின் ஆயுள் குறையுமா என்பதற்கு மட்டும் உங்கள் பரிந்துரை வேண்டும். ஆடிக்காற்றில் வந்து படியும் செம்மண் தூசியும் சிதறடிக்கத்தானே செய்கிறது, கழுவுவானேன் என்று நண்பர் ஒருவர் கேலியாகச் சொல்வார். தூசி சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம் என்பதால் அவர் பேச்சைக் கேட்டு யாரும் கழுவாமல் இருந்துவிட வேண்டாம்.

விலைப்புள்ளியில் எண்ணைக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமாக அச்சிடப்படும் சிதறல் விழுக்காடு, வந்த திசையிலிருந்து 2.5 பாகைக்கு மேல் விலகிய ஒளியை எல்லாம் சிதறியதாகக் கணக்கிடுகிறது. மூன்று பாகை விலகியதும் அறுபது பாகை விலகியதும் அந்தக் கணக்கில் ஒன்றே. செடிக்கு இரண்டும் ஒன்றாகாது. ஆகையால் 60 விழுக்காடு என்று அச்சிட்ட இரண்டு தாள்கள் குடிலுக்குள் வேறு வேறாக நடந்துகொள்ளக்கூடும். இந்தக் குறையை நீக்கவே நெதர்லாந்தில் நென் 2675 என்ற தரத்தின்படி, எல்லாக் கோணங்களிலிருந்தும் வரும் ஒளியில் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்பதையும், நுழைந்தது எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதையும் தனித்தனியே அளக்கிறார்கள். அவ்வளவு தூரம் நாம் உடனே போக முடியாது என்பது எனக்குத் தெரியும். குறைந்தது, மொத்த ஒளி கடத்தும் விழுக்காடும் சிதறல் விழுக்காடும் சோதனை அறிக்கையோடு விலைப்புள்ளியில் இடம்பெற வேண்டும், அறிக்கை இல்லாத தாளுக்கு மானியம் பரிந்துரைக்கப்படக் கூடாது என்ற ஒரு விதியை மாவட்ட அளவிலேயே தொடங்க வழி உண்டா என்று பார்க்குமாறு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதனால் அரசின் செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. நிழல்வலைக்கு மானியம் கேட்டு வருகிறவர்களிடம் வலையின் நிறத்தையும் ஒரு கேள்வியாகக் கேட்டு, வெள்ளை அல்லது முத்துநிற வலையையும் பட்டியலில் சேர்க்கலாம்.

கிள்ளிகுளம் ஆய்வாளர்களிடம் நான் கேட்பது இதைவிடப் பெரிது. திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டுறவோடு அமைந்த காய்கறி மகத்துவ மையத்துக்குப் பயிற்சிக்காகப் போய்வந்த எங்கள் பக்கத்து விவசாயிகள் நல்ல செய்திகள் பல கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ஊர் வானம் வேறு, எங்கள் ஊர் வானம் வேறு. தென்காசிப் பக்கம் ஒன்று, ஆலங்குளம் அல்லது மானூர்ப் பக்கம் ஒன்று, வள்ளியூர்ப் பக்கம் ஒன்று என்று மூன்று இடங்களில், ஒரே ரக வெள்ளரியை ஒரே நாளில் நட்டு, ஒளி கடத்துவதில் சமமாகவும் சிதறலில் வேறாகவும் உள்ள தாள்களின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வள்ளியூரில் தாளுக்குப் பதில் வலைகளை ஒப்பிடலாம். கொடியின் உச்சி, நடு, அடி ஆகிய மூன்று உயரங்களிலும் ஒளியையும் இலையின் வெப்பத்தையும் அளக்க வேண்டும். எடையோடு நின்றுவிடாமல், தழும்பு விழுந்து கழிக்கப்பட்ட காய் எவ்வளவு, முதல் தரமாகப் பிரித்தது எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். சந்தையில் எங்கள் வருமானத்தை முடிவு செய்வது அந்தப் பிரிப்புதான். சொட்டுநீர் எவ்வளவு பிடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சி இலையின் சூடு தணிந்தால் நீர்ச்செலவு குறையுமா, அல்லது கீழ் இலைகளும் உழைக்கத் தொடங்குவதால் கூடுமா என்பது கிணற்றை நம்பியிருக்கும் எங்களுக்கு விளைச்சலுக்குச் சமமான கேள்வி.

சாரல் மாதங்களில் சிதறல் தாளால் பயனில்லை என்றோ, நட்டம் என்றோ முடிவு வந்தால் அதையும் அப்படியே தமிழில் வெளியிட வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். எந்த ஊருக்கு எது வேண்டாம் என்று தெரிந்தால், அந்த ஊர்க்காரர் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்காமல் இருப்பார்.

இடமும் தண்ணீரும் ஆள்கூலியும் தர எங்கள் பக்கத்தில் குடில் வைத்திருப்பவர்களில் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாளும், ஒளிமானியும், அளப்பதற்கு மாணவர்களும் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். தை மாதத்துக்குள் தாளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மாசிக் கடைசியில் மாட்டி, பங்குனி முதல் வாரத்தில் நடலாம். வெள்ளரி முப்பத்தைந்து நாற்பது நாளில் காய்ப்புக்கு வந்துவிடும் என்பதால் சித்திரை வெயிலில் பெரும்பகுதி காய்க்கும் கொடியின் மேல் விழும். அடுத்த நடவை ஆனியில் வைத்துக்கொண்டால் தென்காசிப் பக்கத்துச் சாரலும் மானூர்ப் பக்கத்து வெயிலும் ஒரே மாதத்தில் ஒப்பீட்டுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடையம் வட்டாரக் குடில் விவசாயி ஒருவர்